விலை வினாவும் ஊர் வினாவும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் உள்ளது. அங்கு வழக்கமான திருமேனி இல்லை. அனுமன் உருவம் செதுக்கிய நெடிய கற்றூணே பெருமாளாக வழிபடப்படுகின்றது. இராமநவமியை ஒட்டித் தொடங்கும் பெருந்திருவிழாவிற்கு அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்து உழவர் தம் விளைச்சலில் ஒரு பகுதியையும் கால்நடைகளையும் காணிக்கையாகக் கொணர்வர். திருவிழாக் கூட்டம் உள்ள இடத்தில் தெருக்கடைகளும் இருக்கும். அத்தகைய கடை ஒன்றின் முன் யான் கேட்ட சிறு உரையாடலே இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாய்.

முறமும் கூடையும் பரப்பியிருந்த மூதாட்டியிடம் உழவர் குடிப் பெண் ஒருத்தி, “முறம் என்ன வெல ஆயா?” என்று வினவினாள். மூதாட்டி விலை கூறவில்லை. “எந்த ஊரும்மா நீ?” என்று எதிர்வினா விடுத்தாள். அப்பெண் தன் ஊரைச் சொன்னாள். மூதாட்டியின் மகள் வாழ்க்கைப்பட்ட ஊருக்கு அஃது அண்மையது போலும். அவ்வூரின் ஏரியைப் பற்றியும், சென்ற ஆண்டு மழையைப் பற்றியும் சில சொற்கள் நடந்தன. அதன் பின்னரே விலை வந்தது, விலை குறைக்கப்பட்டது, முறமும் கைமாறியது.

விலை வினாவிற்கு விடையாக ஊர் வினா வருவானேன்? இஃது உலகியலில் நாம் நாளும் காண்பது. ஆயினும் எண்ணிப் பாராதது. இவ்வினாவை உளங்கொண்டு பழந்தமிழ் நூல்களைப் பயின்றால், சிலப்பதிகாரத்தின் ஒரு முதன்மையான இடம் புதிய விளக்கம் பெறுகின்றது என்பது என் துணிபு.

பழந்தமிழர் வணிகத்தில் பேரம் பேசுதல் இல்லை என்று கூறுவார் உளர். அவர்தம் கருத்துக்குப் பட்டினப்பாலை சான்றாகக் காட்டப்படும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் நடுவுநிலை பிறழா நெஞ்சினர். பழிக்கு அஞ்சி உண்மையே பேசுவர். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்பக் கருதுவர். கொள்ளுங்கால் மிகுதியாகக் கொள்ளார். கொடுக்குங்கால் குறையக் கொடார் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகின்றார். பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணுதலே வாணிகம் எனத் திருவள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் கூறுகின்றார். விலையை ஏற்றியும் இறக்கியும் பேச இடமில்லா வணிகம் இது என்பது இக்கருத்தினர் கொள்கை.

இக்கொள்கை பொருந்துமா என ஆராய்வாம். பட்டினப்பாலையின் அடிகள் வணிக அறத்தைப் போற்றுவன. மிகை கொள்ளாமையும் குறை கொடாமையும் அளவுபற்றிய அறங்கள். அவ்வளவு எவ்வாறு அறியப்பட்டது என்பதை அவ்வடிகள் விரிக்கவில்லை. இனி, அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையை நோக்குக. மோர் விற்கும் ஆய்மகள் நெய்யின் விலைக்குப் பசும்பொன்னைக் கொள்ளாள். எருமையும் ஆவும் கன்றுமாகவே பெறுவாள். அகநானூற்று 126 ஆம் பாட்டில் நக்கீரர் காட்டும் மீன் விற்கும் பாண்மகளும் பழஞ்செந்நெல்லை ஏலாது முத்தும் நல்ல அணிகலனும் பெறுகின்றாள். இவ்விரண்டு இடத்தும் ‘கொள்ளாள்’ என்னும் சொல்லே வருதல் காண்க. ஒன்றை வேண்டா என மறுத்து மற்றொன்றைப் பெறுதற்கு இடையே பேச்சு நிகழ்ந்திருத்தல் வேண்டும். கொடுப்பான் ஒன்றை நீட்டுகின்றான், விற்பாள் மறுக்கின்றாள், அவன் வேறொன்றை நீட்டுகின்றான். இதனைப் பேரம் என்னாது வேறு என்னென்பது? ‘பேரம்’ என்னும் சொல் சங்கச் செய்யுட்களில் வழங்காமையால் அச்செயலும் இல்லை என்று கொள்ளுதல் முறையன்று.

சொல்லாட்சியும் இதற்குத் துணை நிற்கின்றது. ‘பகர்தல்’ என்பது சொல்லுதலும் ஆம், விற்றலும் ஆம். ‘மாறுதல்’ என்பது பண்டமாற்று. ‘மாற்றம்’ என்பது சொல்லும் மறுமொழியும் ஆம். ‘கூறுதல்’ பேசுதல், ‘விலை கூறுதல்’ விற்பனைக்கு அறிவித்தல். இன்றும் நாம் விலையைக் ‘கணக்கிடுகின்றோம்’ என்பதினும் ‘பேசுகின்றோம்’ என்றே மிகுதியும் சொல்லுகின்றோம். எல்லாவற்றினும் சிறந்தது ‘உரை’ என்னும் சொல். உரைத்தல் பேசுதல், பொன்னைக் கல்லில் தேய்த்துத் தரம் காண்டலும் உரைத்தலே. அக்கல் உரைகல், அத்தரத்திற்குப் பெயர் மாற்று. பேச்சும் விற்பனையும் சோதனையும் ஒரே சொற்களில் அடங்கிக் கிடக்கும் மொழி நம்முடையது. விலை பேசுதல் வெறும் தொகைக் குறைப்பு அன்று. ஒருவரை ஒருவர் உரைத்துப் பார்த்தல் என்பது இச்சொற்களால் பெறப்படும் கருத்து.

இக்கருத்தை ஓர் அகப்பாட்டு நாடகமாகவே காட்டுகின்றது. அகநானூற்றின் 390 ஆம் பாட்டு அம்மூவனார் இயற்றியது. உமணர் உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகச் செல்லுகின்றனர். உமணர் மகள் சேரிதோறும் சென்று, நெல்லும் உப்பும் ஒத்த அளவின என்று கூவி விற்கின்றாள். இதனையே ‘நேர்’ என்னும் சொல்லால் அவள் அறிவிக்கின்றாள். அறிவித்த விலை, எல்லார்க்கும் பொதுவான விலை. ஆங்கு வந்த தலைவன் அவள் வழியைச் சற்றே மறித்து, நின் மேனியில் வாழும் உப்பின் விலையை யாம் அறியோமே என்கின்றான். உப்பின் விலையை அறிந்தவன், விலை சொல்லப்படாத ஒன்றின் விலையைக் கேட்கின்றான். அவள் விடை என்ன? விலை கூறவில்லை, சினந்து ஏசவும் இல்லை. பெரிய கண்களால் நோக்கி, ‘யாரீரோ’ என்று வினவுகின்றாள். எம்மை மறித்து நிற்கும் நீவிர் யார் என்பது வினா. வினவியவள் புன்முறுவலோடு பெயர்ந்து நிற்க, தலைவன் நெஞ்சம் அவளிடமே தங்கிவிட்டது.

இப்பாட்டைப் படிப்பார் தலைவன் கூற்றின் நயத்தையே பெரிதும் பாராட்டுவர். உடம்பின் சுவையை உப்பாக்கிய சொற்றிறம் பாராட்டத் தக்கதே. ஆயினும் பாட்டின் உயிர் அவள் விடையில் உள்ளது என்பேன். ஊர் ஊராகச் செல்லும் வணிக மகள் அவள், எவ்வூரிலும் புதியவள். அவளுக்கு எதிரே நிற்பவனும் முன் அறியாதவன். அறிவித்த விலைக்கு உட்பட்ட பண்டத்தை விற்க ‘யார்’ என்னும் வினா வேண்டுவதில்லை. நெல் கொணர்ந்தவர் எவராயினும் உப்புப் பெறலாம். விலை அறுதியிடப்படாத இடத்திலேதான் ‘யார்’ என்னும் வினா பிறக்கின்றது. விலை வினாவிற்கு ஆள் வினா விடையாகின்றது. கல்லங்குறிச்சி மூதாட்டியின் “எந்த ஊரும்மா நீ?” என்பதற்கும் உமணர் மகளின் ‘யாரீரோ’ என்பதற்கும் இடையே காலம் நெடிது; இயல்பு ஒன்றே.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருவாம். கோவலன் வணிகன் மகன், வணிகன். ஆயின் காப்பியத்தில் அவன் வணிகம் செய்யும் காட்சி மிகச் சில. தெருவில் நிகழும் இரண்டு விற்பனைகள் அவன் வாழ்வின் இரண்டு திருப்பங்களாக அமைகின்றன. முதலாவது, அரங்கேற்று காதையில் மாதவியின் மாலை. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் அம்மாலையைக் கூனி ஒருத்தி கையிற் கொண்டு, நகர நம்பியர் திரியும் மறுகில் விற்பாள்போல் நிற்கின்றாள். மாலையை வாங்குவோன் மாதவிக்குக் கணவன் ஆவான் என்பது அறிவிப்பு. கோவலன் வாங்குகின்றான், கூனியோடு மாதவி மனை புகுகின்றான். ஈண்டு விலை அறிவிக்கப்பட்டது. வாங்குவோன் யாராதல் வேண்டும் என்பதும் அறிவிக்கப்பட்டது. பேசுவதற்கு ஒன்றும் இல்லை. சொந்த ஊரில், எல்லாரும் அறிந்த மாசாத்துவான் மகனுக்கு, விலை பேசும் தேவையே எழவில்லை.

இரண்டாவது, கொலைக்களக் காதையில் கண்ணகியின் சிலம்பு. இப்பொழுது ஊர் வேறு, நாடும் வேறு. சோழ நாட்டான் பாண்டியன் தலைநகரில் நிற்கின்றான். முன்னர் வாங்கியவன் இப்பொழுது விற்க வந்துள்ளான். பீடிகைத் தெருவில் நூறு கம்மியர் பின்வர நடந்துவரும் பொற்கொல்லனைக் கண்டு, அரசன் தேவிக்கு ஏற்ற காலணி ஒன்றை விலையிட வல்லையோ என்று வினவுகின்றான். பொற்கொல்லன் விடையை ஊன்றி நோக்குக. தான் அறியேன் ஆயினும், வேந்தர்க்கு முடி முதலிய கலன்கள் சமைப்பவன் என்று தன்னை அறிவிக்கின்றான். கோவலன் பொதியை அவிழ்க்கின்றான். அவன் சிலம்பைக் கூர்ந்து பார்க்கின்றான். இது கோப்பெருந்தேவிக்கே ஏற்றது என்கின்றான். அரசனிடம் அறிவித்து வருமளவும் தன் குடிலருகே இருக்குமாறு கூறிச் செல்லுகின்றான். இவ்வுரையாடல் முழுவதிலும் விலை என ஒரு தொகை எவர் வாயிலும் வரவில்லை. விற்பவனும் கூறவில்லை, வாங்குவிப்பவனும் கூறவில்லை.

அதனினும் நுட்பமானது ஒன்று உண்டு. பொற்கொல்லன் தான் யார் என்பதைக் கூறினான்; கோவலனை நீ யார் என்று கேட்கவில்லை. கேளாமைக்குக் காரணம் அவன் நெஞ்சில் இருந்தது. தேவியின் சிலம்பைத் தான் கவர்ந்த களவு வெளிப்படுமுன், வேற்றுப் புலத்திலிருந்து வந்த இப்புதுவனைக் காட்டித் தப்பலாம் என்று அவன் எண்ணுவதாக இளங்கோவடிகள் கூறுகின்றார். ‘புதுவன்’ என்னும் சொல்லே போதும். பெயரும் ஊரும் குலமும் அறியப்பட்டால் அவன் புதுவன் ஆகான். கேளாதிருந்தால்தான் அவன் புதுவனாகவே நிற்பான். கள்வன் என்று காட்டுதற்கும் எளியன் ஆவான். உமணர் மகள் வினவியதை இவன் வினவவில்லை. ஆங்கு வினா காதலில் முடிந்தது. ஈங்கு வினாவின்மை கொலையில் முடிந்தது.

கோவலன்பால் குறை இல்லையோ எனின், உண்டு. அதனை அடிகள் முன்னரே குறிப்பாக வைத்துள்ளார். ஊர்காண் காதையின் தொடக்கத்தில் கோவலன் கவுந்தியடிகளிடம், மதுரை வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தித் தான் மீளுமளவும் கண்ணகியைக் காக்குமாறு வேண்டிச் செல்லுகின்றான். தான் யார் என்பதைத் தன் குலத்தார்க்கு அறிவிப்பதே அவன் சென்ற நோக்கம். சென்றவன் யாது செய்தான்? கடைவீதிகளைக் கண்டான், மணிகளின் குணமும் குற்றமும் அறிந்தோர் இருக்கும் வீதியைக் கண்டான், பொன் வீதியும் அறுவை வீதியும், துலாக்கோலும் அம்பண அளவையும் கொண்டோர் திரியும் கூல வீதியும் கண்டான், கண்டு மகிழ்ந்து மீண்டான். வணிகர் எவரையும் சந்தித்ததாகவோ தன் நிலையை உணர்த்தியதாகவோ காப்பியம் கூறவில்லை. நகர் வருணனை காப்பிய உறுப்பு என்று இப்பகுதியை விரைந்து கடப்பார் உளர். அவ்வருணனைக்குள் ஒரு செய்யாமை மறைந்து கிடக்கின்றது. செய்ய வந்த செயலைக் காட்சியின்பம் மறைத்தது. மறுமுறை நகருள் அவன் செல்லும்பொழுது, மணியின் உள்ளியல்பு அறிவார் பலர் இருந்த வீதியை நாடவில்லை. எதிர்ப்பட்ட ஒருவனை நம்பினான்.

வழக்குரை காதையில் இந்நூல் முடிச்சு அவிழ்கின்றது. கண்ணீரோடு வந்து நின்ற கண்ணகியைப் பாண்டியன் முதலில் கேட்பது ‘யாரையோ’ என்பது. அவள் தன் ஊர் புகார் என்றும், மாசாத்துவான் மகன் மனைவி என்றும் விடை கூறுகின்றாள். அதன் பின்னர்ச் சிலம்பின் உட்பரல் வினாவாகின்றது. தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காண்கின்றனர், உண்மை வெளிப்படுகின்றது. பீடிகைத் தெருவில் கேட்டிருக்க வேண்டிய இரண்டு வினாக்கள், நீ யார் என்பதும் இதன் உள்ளே இருப்பது யாது என்பதும், அவையில் கேட்கப்படுகின்றன. வணிகத்தில் உரைத்துப் பாராததை வழக்கில் உரைத்துப் பார்க்க நேர்ந்தது. அதற்குள் கொலை முடிந்துவிட்டது. அரசியல் பிழைத்தமை இக்காதையின் பொருள் என்பது அறிந்ததே. அப்பிழையின் வித்து ஒரு தெருவிற்பனையில், பேசப்படாத விலையில் இருந்தது என்பது ஈண்டு வலியுறுத்தப்படுவது. எல்லாம் ஊழின் செயல் எனின், யானும் மறுக்கவில்லை. ஊழும் ஒரு வழியாகத்தான் வருதல் வேண்டும். அடிகள் காட்டும் வழி இது.

வேற்று நாட்டில் வணிகம் செய்த தமிழர் எல்லாரும் கோவலன்போல் தனித்து நின்றவர் அல்லர். சுமத்திராத் தீவில் பாருசு என்னும் ஊரை அடுத்த லோபுதுவாவில் 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கு இருந்தமையையும், மரக்கலத்தார் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்துதல் வேண்டும் என்னும் ஏற்பாட்டையும் அது தெரிவிக்கின்றது. குழுவின் பெயரால் கடல் கடந்தவனுக்கு ‘யார்’ என்னும் வினாவிற்கு விடை முன்னரே ஆயத்தமாக இருந்தது. இளங்கோவடிகள் படைத்த வணிகனுக்கும் மதுரையில் குலத்தார் இருந்தனர். அவன் அவர்களை அடையவில்லை.

தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லூக் பாட் என்னுமிடத்தில் கிடைத்த சிறு கல் ஒன்று இதனினும் பழையது. பெரும்பதன் என்பானது கல் எனத் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட பொன் உரைகல் அது; கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டினது என்பர். கடல் கடந்த பொற்கொல்லன் தன் உரைகல்லில் தன் பெயரை எழுதி வைத்தான். யார் உரைக்கின்றான் என்பது அறியப்பட்டாலன்றி உரைத்த மாற்றுக்கு மதிப்பு இல்லை போலும்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்கல்லைக் காணும் விருப்பத்தோடு யான் கிராபிக்குச் சென்றிருந்தேன். அந்நகரின் அல்லங்காடியில் தேங்காய் ஓட்டால் செய்த அகப்பை ஒன்றை விலை கேட்டேன். விற்ற பெண்ணின் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவளுக்குத் தெரியாது. அவள் கணக்குப் பொறியில் 200 என்று அழுத்திக் காட்டினாள். யான் அதனை அழித்து 80 என்று காட்டினேன். 160 வந்தது, 100 சென்றது, 120 இல் முடிந்தது. நம் மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டின் மறைவில் விரல் தொட்டு விலை பேசுவர். அங்கும் வாய் பேசாது. ஆயின் அதற்கு முன்னும் பின்னும் மாட்டின் சுழியும் பல்லும், கொள்வோன் ஊரும் உழவும் பேசப்படும். ஈண்டோ எண்கள் மட்டுமே போயின, வந்தன. 80 பாட்டுக் குறைத்த மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்தேன். மீதியைத் தரும்பொழுது அவள் என்னை நிமிர்ந்து நோக்கி, “இந்தியா?” என்றாள். ஆம் என்று தலையசைத்தேன். அவள் முறுவலித்தாள்.

அப்பொழுது என் மகிழ்ச்சி சற்றே குன்றியது. உமணர் மகளின் வினா அங்கும் இருந்தது. விலை முடிந்த பின்னர் வந்தது. ஊர் முதலிலும் விலை பின்னரும் ஆகிய கல்லங்குறிச்சி முறை ஈண்டு தலைமாறியது. முதலில் அவ்வினா எழுந்திருந்தால் விலை குறைந்திருக்கும் என்று கூறேன். ஒருகால் ஏறியிருக்கவும் கூடும். ஊர் கேட்பது வாங்குவோன் கைப்பொருளை மதிப்பிடுதற்கும் ஆகலாம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. மூதாட்டியும் இதனை அறியாதவள் அல்லள். ஆயினும் ஊரைக் கேட்டு அறிந்தவளை முழுதும் ஏமாற்றுதல் அரிது. அந்த ஊரில் மகள் இருக்கின்றாள்; மறு ஆண்டும் திருவிழா வரும். ஊர் வினா விலையை அறத்தோடு கட்டுகின்றது. பட்டினப்பாலை போற்றும் மிகை கொள்ளாமையும் குறை கொடாமையும் பேச்சின்மையால் விளைந்தவை அல்ல. ஒருவரை ஒருவர் அறிந்த பேச்சினால் காக்கப்பட்டவை எனக் கொள்ளுதலே பொருத்தம்.

வேற்று நாட்டுத் தெருவில் விலையை எவ்வளவு குறைத்தேன் என்று கூறிப் பெருமை கொள்ளும் வழக்கம் இன்று பயணம் செய்வாரிடை மிகுதி. யானும் அதற்கு விலக்கு அல்லேன். அவ்வாறு செல்வார் தாமும் அங்குப் புதுவரே என்பதை நினைத்தல் நன்று. புதுவனுக்குப் பாதுகாப்பு தொகையைக் குறைப்பதில் இல்லை. தான் யார் என்று அறிவிப்பதிலும் எதிரில் இருப்பவர் யார் என்று கேட்பதிலும் இருக்கின்றது.

இதுகாறும் கூறியவற்றால், சங்க காலத்து விற்பனையில் விலைப்பேச்சு உண்டு என்பதும், அப்பேச்சு ஆளை அறியும் வினாவோடு பிணைந்தது என்பதும், சிலப்பதிகாரத்தில் அவ்வினா தெருவில் எழாது அவையில் எழுந்தமையே அவலத்தின் ஓர் இழை என்பதும் பெறப்படும். ஊர்காண் காதையையும் கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் இவ்வினா ஒன்றினால் கோத்துப் பயிலுமாறு ஆய்வு மாணவரை வேண்டுகின்றேன். கல்லங்குறிச்சித் திருவிழாவில் அன்று முறம் வாங்கிய பெண், விலை கேட்ட வாயால் தன் ஊரைச் சொன்னாள். கோவலன் அதனைச் சொல்லவில்லை; அவனைக் கேட்பாரும் இல்லை.